மியூன்ஸ்டரில் குடும்பத்தோடு அரை நாள் சைக்கிள் உலா: வளையப் பாதையும் ஏரியும்

ஜெர்மனியில் குழந்தைகளோடு முதன்முறை சைக்கிள் எடுக்க நினைப்பவர்கள் பெர்லினில் தொடங்க வேண்டாம். நாட்டின் வடமேற்கே உள்ள மியூன்ஸ்டரில் தொடங்குங்கள். பழைய கோட்டைச் சுவர் நின்ற இடத்தில், ஊரின் நடுப்பகுதியைச் சுற்றி 4.5 கி.மீ. நீளத்துக்கு லிண்டன் மர நிழலில் ஒரு வளையப் பாதை ஓடுகிறது. பெயர் ப்ரொமெனாடு. அதில் கார் வராது. ஊர் தட்டை, மூச்சு வாங்கும் ஏற்றம் எதுவும் இல்லை. ட்ராம் தண்டவாளமும் இல்லை. குழந்தை சைக்கிளின் டயர் தண்டவாளப் பள்ளத்தில் சிக்கிக் கீழே விழுவது மற்ற ஜெர்மன் நகரங்களில் சாதாரணமாக நடப்பது. இங்கே அந்தக் கவலை கிடையாது.

இங்கே சொல்லும் வழி: ரயில் நிலையத்தில் புறப்பட்டு, வளையப் பாதையில் இடஞ்சுழியாக மூன்று கிலோமீட்டர், பிறகு ஆஸே ஏரியைச் சுற்றி ஐந்தாறு கிலோமீட்டர், மிச்ச வளையத்தை முடித்துத் திரும்ப ரயில் நிலையம். மொத்தம் 10 முதல் 12 கி.மீ. பெரியவர் தனியாகப் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆறேழு வயதுக் குழந்தை மணிக்கு எட்டு முதல் பத்து கி.மீ. ஓட்டும், நடுவில் ஐந்து இடங்களில் நிற்கும். நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள்.

எப்போது புறப்படுவது

இது மாணவர்கள் நிறைந்த ஊர். வார நாட்களில் காலை ஏழரை முதல் ஒன்பது வரையும் மாலை நான்கு முதல் ஆறு வரையும் வளையப் பாதை ஒரு நெடுஞ்சாலை. மின்சார சைக்கிள்கள் 25 கி.மீ. வேகத்தில் உரசிக்கொண்டு போகும். தள்ளாடும் குழந்தைக்கு அது பயம், வேலைக்குப் போகிறவருக்கு அது எரிச்சல். காலை பத்து மணிக்குப் புறப்பட்டு மூன்றுக்குள் திரும்புவது சரியாக இருக்கும்.

ஞாயிறு காலை கூட்டம் குறைவு. ஆனால் இரண்டு சிக்கல். சனி இரவுக் கொண்டாட்டத்தின் உடைந்த பாட்டில் கண்ணாடி பாதையில் கிடக்கும், பஞ்சர் அதிகம். கடைகள் எல்லாம் மூடியிருக்கும், எனவே ட்யூபோ பசையோ வாங்க முடியாது. சில சைக்கிள் கடைகளின் வாசலில் ட்யூப் விற்கும் தானியங்கிப் பெட்டி இருக்கிறது, ஆனால் குழந்தை சைக்கிளின் அளவு அதில் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். தேவையானதைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

மழையைப் பற்றி ஊர்க்காரர்களே ஒரு கிண்டல் சொல்வார்கள்: மியூன்ஸ்டரில் ஒன்று மழை பெய்யும், இல்லையென்றால் தேவாலய மணி அடிக்கும், இரண்டும் சேர்ந்து வந்தால் அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஆகவே மழைக்கோட்டு எல்லா மாதத்துக்கும் உண்டு. குடை பிடித்துக்கொண்டு ஓட்டும் பழக்கத்தை ஊரில் விட்டுவிட்டு வாருங்கள். இலையுதிர் காலத்தில் நனைந்த லிண்டன் இலைகள் பாதையை வழுக்குப் பாறையாக்கிவிடும். அப்போது வளைவில் பிரேக் போடாமல், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும்.

வாடகைக்கு எடுக்கும்போது

ரயில் நிலையத்தின் வாசலிலேயே நிலத்தடியில் ஒரு சைக்கிள் நிலையம் இருக்கிறது. 1999-இல் திறந்தது, 3,300 சைக்கிள்கள் நிற்கும் இடம். வாடகை, பழுதுபார்ப்பு, சைக்கிளைக் கழுவிக்கொடுக்கும் இயந்திரம்வரை உண்டு. பெரியவர்களுக்கான வண்டி எப்படியும் கிடைக்கும். குழந்தை சைக்கிள், குழந்தை இருக்கை, குழந்தையை உட்காரவைத்துச் சைக்கிளின் பின்னால் பூட்டும் இழுவண்டி மூன்றும் எங்கேயும் எண்ணிக்கையில் குறைவு. கோடை வார இறுதி என்றால் சில நாள் முன்பே பதிவு செய்யுங்கள். பாஸ்போர்ட்டும் முன்பணமும் கேட்பார்கள்.

வயதைச் சொல்லிக் குழந்தை சைக்கிள் கேட்காதீர்கள், உயரத்தைச் சொல்லுங்கள். ஏறக்குறைய 100–115 செ.மீ. உயரத்துக்கு 16 அங்குலச் சக்கரம், 115–130-க்கு 20, 130–145-க்கு 24. "அடுத்த வருஷமும் ஓட்டட்டும்" என்று ஒரு அளவு பெரிதாக வாங்குவது நம் வழக்கம். அரை நாள் வாடகைக்கு அதற்குத் தேவையே இல்லை. சீட்டில் உட்கார்ந்தபடி குழந்தையின் இரண்டு பாதமும் தரையில் படிய வேண்டும். பெரியவருக்கு வேறு கணக்கு: குதிகாலைப் பெடலில் வைத்து அதை அடிமட்டத்துக்குக் கொண்டுபோனால் முழங்கால் நேராக நீள வேண்டும். சீட் அதைவிடத் தாழ்ந்திருந்தால் எட்டாவது கிலோமீட்டரில் முட்டி வலிக்கும்.

கடையை விட்டு வெளியே வருமுன் ஐந்து நிமிடம் இவற்றைப் பாருங்கள்:

- டயர். பக்கவாட்டில் எத்தனை பார் (காற்றழுத்த அளவு) என்று அச்சிட்டிருக்கும். சாதாரண நகர சைக்கிளுக்கு நான்கு பார், அதாவது நமக்குப் பழக்கமான கணக்கில் 58 பி.எஸ்.ஐ. கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கவே கூடாது. காற்றுக் குறைந்த டயர் நடைபாதை விளிம்பில் ஏறும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்தது போல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும்.
- வால்வு. ஜெர்மனியில் மூன்று வகை புழக்கத்தில் இருக்கிறது: பழைய டன்லப், மெல்லிய பிரெஞ்சு வகை, காருக்கு உள்ளது போன்ற தடிமன் வகை. கடைக்காரர் தரும் பம்ப் நீங்கள் எடுக்கும் எல்லா வண்டிக்கும் பொருந்துகிறதா என்று அங்கேயே பொருத்திப் பாருங்கள்.
- விளக்கும் மணியும். முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு. மணி இல்லாத சைக்கிளை எடுக்காதீர்கள். சட்டமும் கேட்கிறது, வளையப் பாதையும் கேட்கும்.
- பிரேக். இதற்குத் தனியாகவே ஒரு பத்தி வேண்டும்.

வாடகை நகர சைக்கிள்கள் பலவற்றிலும், குழந்தை சைக்கிள்கள் பலவற்றிலும், பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரம் பிரேக் பிடிக்கும். நாம் ஓட்டிப் பழகிய வண்டியில் பெடல் பின்னால் சும்மா சுழலும். நிறுத்தத்தில் பெடலைச் சரிசெய்யக் காலால் பின்னே தள்ளும் அந்தக் கைப்பழக்கம், சே, கால்பழக்கம், இங்கே ஓடும்போது வந்தால் வண்டி சட்டென்று நிற்கும். பின்னால் வருபவர் உங்கள் மேல் மோதுவார். இன்னொன்று: இடக்கைப் பிரேக் இங்கே பெரும்பாலும் முன்சக்கரத்துக்கு. ஊரில் இடக்கையை இறுக்கிப் பழகியவர் பதற்றத்தில் அதை மட்டும் இறுக்கினால் முன்னே சாய்ந்து விழ வாய்ப்புண்டு. வண்டியைத் தள்ளிக்கொண்டே ஒவ்வொரு பிரேக்கையும் பிடித்து எது எந்தச் சக்கரம் என்று பாருங்கள். பிறகு ஆளில்லாத இடத்தில் குடும்பம் முழுதும் பத்து முறை புறப்பட்டு நிற்கட்டும். பெரியவர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுவார்கள். குழந்தை மூன்றாம் முறையே பிடித்துக்கொள்ளும்.

சின்னக் குழந்தை: இருக்கையா, இழுவண்டியா

ஏழு வயது நிறையாத குழந்தையைப் பெரியவர் ஏற்றிக்கொண்டு போகலாம், ஆனால் குழந்தை இருக்கையிலோ இழுவண்டியிலோதான். ஓட்டுபவருக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும். முன்பாரில் உட்காரவைப்பது, கேரியரில் டபுள்ஸ் ஏற்றுவது இரண்டும் கூடாது. எட்டு வயதுப் பிள்ளைக்குக் கால் வலித்தால் ஏற்றிக்கொள்ள வழியில்லை என்பதை நினைவில் வைத்துத் தூரத்தை முடிவு செய்யுங்கள்.

ஒரு குழந்தை, 15 கிலோவுக்குள், தூங்காத நேரம் என்றால் பின் இருக்கை போதும். பாதப் பட்டையையும் கட்டுங்கள், கால் ஸ்போக்கில் மாட்டுவது அதனால்தான் தடுக்கப்படுகிறது. குழந்தை உட்கார்ந்திருக்கும்போது சைக்கிளை ஸ்டாண்டில் விட்டு ஒரு அடிகூட நகராதீர்கள். ஸ்டாண்ட் அந்த எடையைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல.

இரண்டு குழந்தை அல்லது மதியத் தூக்கம் உறுதி என்றால் இழுவண்டி. இதில் விபத்து பெரும்பாலும் ஒரே விதமாக நடக்கிறது: சைக்கிள் திரும்பிவிடும், பின்னால் வரும் இழுவண்டி உள்வட்டத்தில் வரும், அதன் ஒரு சக்கரம் மட்டும் நடைபாதை விளிம்பில் ஏறும், வண்டி கவிழும். திருப்பத்தை அகலமாக எடுங்கள், விளிம்பில் ஏறுவதானால் நேராக ஏறுங்கள். பாதையை மறித்து நட்டிருக்கும் தூண்களுக்கு நடுவே புகும்போது சைக்கிளுக்கு இடம் இருந்தால் போதாது, இழுவண்டியின் அகலத்தை மனதில் வையுங்கள். இணைப்புக் கம்பி பூட்டிய பிறகு அதன் பாதுகாப்புப் பட்டையைச் சட்டத்தைச் சுற்றி மாட்டினீர்களா என்று இரண்டாவது ஆள் ஒருமுறை பார்க்கட்டும். உள்ளே குழந்தையின் துப்பட்டாவோ மஃப்ளரோ சக்கரம் பக்கம் தொங்கக் கூடாது. இழுவண்டியின் கொடியைக் கழற்றாதீர்கள், கார் ஓட்டுநருக்கு அந்த உயரத்தில் வேறு எதுவும் தெரியாது.

தலைக்கவசம் ஜெர்மனியில் கட்டாயமில்லை. போடச் சொல்லுங்கள், நீங்களும் போடுங்கள். புருவத்துக்கு இரண்டு விரல் மேலே விளிம்பு நிற்க வேண்டும், பின்னந்தலையில் தள்ளிப் போட்ட கவசம் நெற்றியைக் காக்காது.

யார் எங்கே ஓட்டலாம்

எட்டு வயது நிறையாத குழந்தை சாலையில் ஓட்டக் கூடாது, நடைபாதையில்தான் ஓட்ட வேண்டும். சாலையிலிருந்து தனியே பிரித்துக் கட்டிய சைக்கிள் பாதை இருந்தால் அதிலும் ஓட்டலாம். கூட வரும் ஒரு பெரியவரும் நடைபாதையில் ஓட்ட அனுமதி உண்டு. ஒருவர் மட்டுமே. மற்றவர் கீழே சைக்கிள் பாதையிலோ சாலையிலோதான் வர வேண்டும். பத்து வயது நிறையும்வரை பிள்ளைகள் விரும்பினால் நடைபாதையில் தொடரலாம். நடைபாதையிலிருந்து சாலையைக் கடக்கும்போது குழந்தையும் கூட வரும் பெரியவரும் இறங்கித் தள்ள வேண்டும். இதைப் பலர் மறக்கிறார்கள்.

வண்டிகள் வலப்பக்கம் போகும் நாடு என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தவறு நேர்வது ஒரே தருணத்தில்: ஓய்வெடுத்துவிட்டு மறுபடி ஏறும்போது. பேச்சு சுவாரசியத்தில் ஏறி, பழக்கத்தில் இடப்பக்கம் போய்விடுவோம். ஒவ்வொரு முறை ஏறும்போதும் யாராவது ஒருவர் "வலது" என்று சத்தமாகச் சொல்லட்டும். அந்த வேலையைக் குழந்தையிடம் கொடுத்தால் அது மறக்காது. சிறிய தெருக்களில், குறிப் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில், வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முதல் உரிமை. அவர் சைக்கிளில் வந்தாலும் சரி, லாரியில் வந்தாலும் சரி. அதேபோல் உங்கள் இடப்பக்கம் இருந்து வருபவர் உங்களுக்கு நிற்பார். நிற்பார் என்று நம்பிக் குழந்தையை முன்னே விடாதீர்கள்.

சிவப்பு விளக்கைத் தாண்டினால் குறைந்தது 60 யூரோ, ஓட்டியபடி கைப்பேசியைக் கையில் பிடித்தால் 55 யூரோ. வழி பார்க்க வேண்டுமானால் ஓரமாக நின்று பாருங்கள். ஊரெங்கும் சிவப்பு நிறத்தில் தெரியும் பாதை சைக்கிளுக்கானது. படம் எடுக்க அதன்மேல் நிற்கும் விருந்தாளிக்கு விழும் மணியோசையில் மரியாதை இருக்காது.

வழியில்

ரயில் நிலையத்திலிருந்து விண்ட்ஹோர்ஸ்ட் தெரு வழியாக வளையப் பாதைக்குச் சில நூறு மீட்டர்தான். முதல் தெருவிலேயே கூட்டத்தில் ஓட்டிப் பழக வேண்டாம். தள்ளிக்கொண்டே போய் மரங்களுக்கடியில் ஏறுங்கள். வலப்புறம் திரும்பி வடக்கே செல்லுங்கள். இடப்புறம் திரும்பினால் ஏரி பத்து நிமிடத்தில் வந்துவிடும், அதன்பின் எந்தக் குழந்தையும் வளையத்தைச் சுற்ற வராது.

நடுவில் தார்ப் பாதை சைக்கிளுக்கு, ஓரத்து மண் பாதை நடப்பவர்களுக்கு. இரண்டு பெரியவர்கள் என்றால் ஒருவர் முன்னே, ஒருவர் கடைசியில். ஒரே பெரியவர் என்றால் குழந்தையை முன்னே விட்டு, அதன் பின்சக்கரத்துக்குச் சற்று இடப்புறம் வாருங்கள். முந்துபவர்களுக்கும் குழந்தைக்கும் நடுவே நீங்கள் சுவராக இருப்பீர்கள். "நில்", "மெதுவா", "ஓரம்" என்று மூன்று சொல் முன்கூட்டியே பேசிவைத்தால் போதும். "பாத்து, பாத்து" என்று கத்துவதில் பயனில்லை. குழந்தை உங்களைத் திரும்பிப் பார்க்கும், கையும் கூடவே திரும்பும். பாதையில் வேர்கள் தாரைத் தூக்கிவிட்ட இடங்கள் உண்டு, அங்கே ஒரு கையால் ஓட்ட வேண்டாம்.

பழைய கோட்டை வாசல்கள் இருந்த இடங்களில்தான் இன்றைய சாலைகள் வளையத்தைக் குறுக்கே வெட்டுகின்றன: மௌரிட்ஸ்டோர், ஹோர்ஸ்டர்டோர், நொய்டோர், ஏகிடிடோர். இந்த உலாவில் உண்மையான ஆபத்து இந்தக் கடப்புகளில் மட்டுமே. மர நிழலில் கார் இல்லாமல் ஓட்டிய குழந்தை அதே மனநிலையில் சாலைக்குள் நுழைந்துவிடும். கடப்புக்கு இருபது மீட்டர் முன்பே முன்னே போகும் பெரியவர் கையைத் தூக்கி நிற்க வேண்டும், எல்லோரும் சேர்ந்த பிறகு கடக்க வேண்டும். விளக்கு இருந்தால் சைக்கிள் படம் போட்ட விளக்கைப் பாருங்கள். தலைகீழ் முக்கோணப் பலகை இருந்தால் காருக்கு வழிவிடுவது நீங்கள்.

வடகிழக்கில் கனமான வட்டச் சுவரோடு நிற்பது ஸ்விங்கர், 16-ஆம் நூற்றாண்டுக் கொத்தளத்தின் மிச்சம். நாஜி ஆட்சியில் கெஸ்டாபோ என்னும் ரகசியப் போலீஸின் சிறையாகவும் இருந்தது. வடமேற்கில் கூம்புக் கூரையோடு தெரியும் புட்டன் கோபுரம் 12-ஆம் நூற்றாண்டுக் கோட்டைச் சுவரில் எஞ்சியது. இங்கே தண்ணீர் குடிக்க நிறுத்தலாம், புல்வெளி உண்டு.

மேற்கே செங்கல்லும் மணற்கல்லுமாகப் பெரிய அரண்மனை. 1787-இல் கட்டி முடித்தது, இப்போது பல்கலைக்கழகத்தின் தலைமையிடம். அதன் பின்னால் இலவசமாகப் பார்க்கக்கூடிய தாவரவியல் பூங்கா இருக்கிறது. சைக்கிளை வாசலில் பூட்டிவிட்டு அரை மணி நேரம் நடந்தால் கால் தசைகளுக்கும் மாறுதல். அரண்மனை முன்திடலில் ஆண்டுக்கு மூன்று முறை ஸெண்ட் என்னும் திருவிழாச் சந்தை நடக்கும். ராட்டினம் தெரிந்தால் குழந்தைகளின் உலா அங்கேயே முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களைத் தவிருங்கள், அல்லது திட்டத்தையே மாற்றுங்கள்.

ஏரிக்கரை

ஆஸே ஏரியின் ஊர்ப்பக்கக் கரையில் மூன்று பெரிய கான்கிரீட் உருண்டைகள் கிடக்கும், ஒவ்வொன்றும் மூன்றரை மீட்டர் விட்டம். 1977-இல் சிற்பி கிளேஸ் ஓல்டன்பர்க் செய்த பில்லியர்ட்ஸ் பந்துகள். மதிய உணவுக்கு இந்தப் புல்வெளி தோது. பாயோ விரிப்போ கட்டாயம், வாத்து எச்சம் ஏராளம். தயிர்சாதமோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு வந்தால் நல்லது, இல்லையென்றால் வழியில் ரொட்டிக் கடையில் வாங்கிவிடுங்கள், ரொக்கமாகச் சில்லறையும் வையுங்கள். ஏரியில் குளிக்கத் தடை. மிதிபடகு எடுக்கலாம். 2006-இல் பெட்ரா என்ற கறுப்பு அன்னம் இந்த ஏரியின் வெள்ளை அன்ன வடிவ மிதிபடகைக் காதலித்துப் பிரிய மறுத்தது உலகச் செய்தியானது. கதையைக் கேட்ட குழந்தைகள் அந்தப் படகுதான் வேண்டும் என்பார்கள்.

ஏரியைச் சுற்றும்போது நடப்பவர் பாதையும் சைக்கிள் பாதையும் பல இடங்களில் தனித்தனி, பலகையைப் பாருங்கள். தென்மேற்கு முனையில் விலங்குக் காட்சிசாலை, பழைய காற்றாலையோடு கூடிய திறந்தவெளி அருங்காட்சியகம், இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில். மூன்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். குழந்தை களைத்துவிட்டது என்றால் முழுச் சுற்றை விட்டுவிட்டு வந்த கரையிலேயே திரும்புவதில் குறையொன்றுமில்லை. காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது முதுகுக்குப் பின்னால், அது வசதி.

திரும்பும் வழியில் லுட்கெரிப்ளாட்ஸ் என்ற பெரிய வட்டச் சந்திப்பு வளையத்தை ஒட்டி வரும். விபத்துக்குப் பெயர்போன இடம். அதற்குள் குழந்தையோடு ஓட்டவே வேண்டாம். இறங்கி, நடப்பவர்கள் கடக்கும் இடத்தில் தள்ளிக்கொண்டு கடந்துவிடுங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் வளையத்துக்கு உள்ளே, ஊரின் நடுவே உள்ள பழைய கடைவீதி பிரின்ஸிபால்மார்க்ட். லம்பெர்ட்டி தேவாலயக் கோபுரத்தில் மூன்று இரும்புக் கூண்டுகள் தொங்கும். 1536-இல் கொல்லப்பட்ட அனபாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் தலைவர்களின் உடல்களை அவற்றில் வைத்தார்கள். கேட்கும் குழந்தையின் வயதைப் பொறுத்துச் சொல்லுங்கள். சனிக்கிழமை அங்கே சைக்கிளைத் தள்ளவே இடம் இருக்காது, தரையும் கரடுமுரடான கல்.

பூட்டு, பஞ்சர், திருப்பிக் கொடுப்பது

சைக்கிள் அதிகம் உள்ள ஊர், சைக்கிள் திருட்டும் அதிகம் உள்ள ஊர். பின்சக்கரத்தில் உள்ள வளையப் பூட்டு மட்டும் போதாது, அப்படியே தூக்கிப் போய்விடுவார்கள். சங்கிலியால் சட்டத்தையும் முன்சக்கரத்தையும் சேர்த்து அசையாத கம்பியில் கட்டுங்கள். குழந்தை சைக்கிளைப் பெரிய சைக்கிளோடு சேர்த்துப் பூட்டலாம். பார்வையற்றோருக்காகத் தரையில் பதித்த கோடுகளை மறிக்காதீர்கள்.

பஞ்சர் ஆனால் முதலில் வாடகைக் கடைக்கு அழையுங்கள், நீங்களே பிரித்துவிட்டால் சில கடைகள் பொறுப்பேற்காது. பின்பிரேக் சக்கர அச்சுக்குள்ளேயே இருக்கும் வண்டியில் பின்சக்கரத்தைக் கழற்றினால் அச்சிலிருந்து நீளும் பிரேக் பட்டையை மறுபடி சட்டத்தில் பூட்ட மறப்பது ஆபத்து. சக்கரத்தைக் கழற்றாமலே ட்யூபை ஒரு பக்கம் வெளியே இழுத்து ஒட்டிவிடலாம். டயரின் உட்புறத்தை விரலால் தடவிக் கண்ணாடித் துண்டை எடுத்த பிறகே மூட வேண்டும், இல்லையென்றால் ஐந்து நிமிடத்தில் அதே ஓட்டை. வளையத்தின் எந்தப் புள்ளியிலிருந்தும் ரயில் நிலையம் இரண்டரை கிலோமீட்டருக்குள்தான், தள்ளிக்கொண்டும் வந்துவிடலாம். காயம் என்றால் 112.

எடுக்கும்போதே ஒவ்வொரு வண்டிக்கும் இருபுறமும் படம் எடுத்துவையுங்கள், பழைய கீறலுக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியிராது. கடை மூடும் நேரத்தைக் காலையிலேயே கேட்டு, அதற்கு அரை மணி முன்னதாக வந்து சேருங்கள். இழுவண்டியைக் கழற்ற, குழந்தை இருக்கையில் சிந்திய பிஸ்கட் தூளைத் துடைக்க அந்த அரை மணி சரியாக இருக்கும்.